நீல சீரமும் நீலப் பொடியும்: காப்பர் பெப்டைடு முழு வழிகாட்டி, ஊசி எரிச்சல் உட்பட

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, பத்தரை மணி இருக்கும். சித்தி பையன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். தொப்புளுக்கு நாலு விரல் தள்ளி, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்து தடித்த ஒரு வட்டம். பக்கத்திலேயே முந்தின நாள் வட்டம், கொஞ்சம் வெளிறிப்போய். "அக்கா, ஊசி போட்ட இடம் மிளகாய் தேய்ச்ச மாதிரி எரியுது. இது சாதாரணம்தானா?"

என்ன ஊசி என்று கேட்டேன். அடுத்த படம் வந்தது. கட்டைவிரல் நுனி அளவுக் கண்ணாடிக் குப்பி, அடியில் மயில்துத்தம் போல நீலப் பொடி. சீட்டில் '50 மில்லிகிராம்' என்றும், 'ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்றும் இருந்தது. தயாரித்தவர் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை.

நான் மருந்தாளுநர். கடை மேசைக்குப் பின்னால் நின்று பதினைந்து வருடம் ஆகிறது. முகத்தில் பூசும் நீல சீரத்தைப் பற்றிக் கேட்டு வருபவர்கள் கொஞ்ச நாளாகவே உண்டு. அதே பொருளை வயிற்றில் குத்திக்கொண்டு வருபவர்கள் இப்போதுதான் வர ஆரம்பித்திருக்கிறார்கள். பெயர் ஒன்று என்பதால் இரண்டும் ஒன்றுதான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பூச்சு என்பது பொறுமையாக, கொஞ்சமாகப் பயன்படுத்தினால் கொஞ்சம் பலன் தரும் பொருள். ஊசி வேறு கதை. முதலில் பூச்சைப் பார்ப்போம். ஊசி போட்டு இப்போது எரிச்சலோடு இதைப் படிக்கிறவர்கள் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம்.

இது என்ன பொருள்

கிளைசின், ஹிஸ்டிடின், லைசின் என்ற மூன்று அமினோ அமிலங்கள் கோத்த குட்டிச் சங்கிலிதான் ஜி.எச்.கே. இப்படிப்பட்ட சங்கிலிக்குத்தான் பெப்டைடு என்று பெயர். நம் இரத்தத்திலேயே இருக்கிறது. 1973-ல் அமெரிக்க ஆய்வாளர் லோரன் பிக்கார்ட் மனித இரத்தப் பிளாஸ்மாவிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். அவர் தேடியது அழகு சாதனத்தை அல்ல. இளையவர்களின் பிளாஸ்மா பட்டால் வயதானவர்களின் கல்லீரல் திசு ஏன் இளமையாக நடந்துகொள்கிறது என்பதைத்தான். இந்தச் சங்கிலிக்குச் செம்பு அயனி மேல் பெரிய பிடிப்பு. செம்பைக் கவ்விக்கொண்டதும் கரைசல் நீலமாகிவிடும். அதுதான் காப்பர் பெப்டைடு. சீரம் நீலமாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

செம்புக்கும் தோலுக்கும் என்ன உறவு? தோலுக்கு உறுதியும் இழுவையும் தரும் கொலாஜன், எலாஸ்டின் இழைகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போடும் லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதி செம்பு இல்லாமல் வேலை செய்யாது. 1988-ல் பிரான்சில் மக்கார் குழுவினர், தோலில் கொலாஜன் தயாரிக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து அதில் ஜி.எச்.கே.-செம்பைச் சேர்த்தார்கள். கொலாஜன் உற்பத்தி கூடியது. மிகமிகக் குறைந்த அளவிலேயே கூடியது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பின்னால் வந்த ஆய்வக வேலைகளில் இன்னொன்றும் தெரிந்தது: பழைய கொலாஜனை வெட்டி அகற்றும் நொதிகளையும் இது தூண்டுகிறது. இடிப்பதும் கட்டுவதும் சேர்ந்துதான் பழுது பார்ப்பது. 'நிறையப் பூசினால் நிறையக் கொலாஜன்' என்ற கணக்கு அதனால்தான் இங்கே செல்லாது.

மனிதர்களிடம் நடந்த சோதனைகள் உண்டு, ஆனால் சிறியவை. 12 வாரம் முகத்தில் பூசிய பெண்களிடம் மெல்லிய சுருக்கங்கள் குறைந்ததாகவும் தோல் கொஞ்சம் தடித்ததாகவும் 2000-களின் தொடக்கத்தில் மருத்துவ மாநாடுகளில் சொன்னார்கள். இன்னொரு பக்கம், 2006-ல் வந்த ஓர் ஆய்வில் லேசர் சிகிச்சைக்குப் பிறகு 13 பேரிடம் பரிசோதித்தார்கள். பூசியவர்களுக்குத் திருப்தி அதிகம் இருந்தது. ஆனால் சிவப்பு அடங்குவதிலோ சுருக்கத்திலோ மருத்துவர்கள் அளந்து பார்த்ததில் பெரிய வித்தியாசம் இல்லை. கடையில் கேட்கிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: சன்ஸ்கிரீனுக்கும், வைட்டமின் ஏ வகைப் பூச்சான ரெட்டினாய்டுக்கும் இருக்கும் ஆதாரம் இதற்கு இல்லை. ரெட்டினாய்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, மென்மையான இரண்டாவது வழி.

செப்புக் குடத்துத் தண்ணீரால் முகம் கழுவினால் இதே பலன் வருமா என்று மாதம் ஒருவராவது கேட்கிறார்கள். வராது. குடத்தில் கரைவது வெறும் செம்பு அயனி. இங்கே வேலை செய்வது சங்கிலியோடு சேர்ந்த செம்பு. இந்த 'வெறும் செம்பு' விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஊசிப் பகுதியில் திரும்ப வரும்.

முதல் படி: வாங்கும்போது

பாட்டிலின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் திருப்புங்கள். பொருள் பட்டியலில் 'காப்பர் ட்ரைபெப்டைடு-1' என்று இருக்க வேண்டும். வெறும் 'ட்ரைபெப்டைடு-1' என்றால் செம்பு சேர்க்காத சங்கிலி மட்டும். 'காப்பர் பிசிஏ', 'காப்பர் குளுக்கோனேட்' எல்லாம் செம்பு உப்புகள், அவை இதல்ல.

அடுத்து, 'சி.ஐ. 42090' என்று இருக்கிறதா பாருங்கள். அது நீலச் சாயம். சாயம் போட்டிருந்தால் நீங்கள் பார்க்கும் நிறம் பெப்டைடுடையதா, சாயத்தினுடையதா என்று கண்டுபிடிக்க வழியில்லை. நான் அப்படிப்பட்டதை வாங்க மாட்டேன்.

சதவீதம் போட்டிருந்தால் நல்லது. 1 சதவீத சீரம் என்றால் ஒரு மில்லிலிட்டரில் 10 மில்லிகிராம். முதல்முறை வாங்குகிறவர்களுக்கு அதுவே தாராளம். 3, 5 என்று எண்ணை ஏற்றிக்கொண்டே போகும் போட்டியில் விலை ஏறுவது நிச்சயம். பலன் கூடவே ஏறும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

நல்ல சீரம் தெளிந்த நீலமாக இருக்கும். பச்சையாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால், அடியில் வண்டல் தங்கியிருந்தால், வாடை வந்தால், தூக்கிப் போட்டுவிடுங்கள். வீட்டில் வைப்பது பெரிய வித்தை இல்லை: வெயில் படாத அலமாரி போதும். நம் ஊர் மே மாதத்தில் மட்டும் ஃப்ரிட்ஜ் கதவில் வைக்கலாம். குளியலறை வேண்டாம்.

இரண்டாம் படி: கையில் பூசிப் பார்ப்பது

இதை யாருமே செய்வதில்லை, நான் மட்டும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். முழங்கை மடிப்புக்குக் கீழே, முன்கையின் உட்பக்கத்தில், இரண்டு ரூபாய் நாணயம் அளவுக்குத் தினம் இருவேளை ஒரு வாரம் பூசுங்கள். ஒருநாள் பூசிப் பார்த்தால் உடனடி எரிச்சல் மட்டும்தான் தெரியும். ஒவ்வாமை நாலைந்து நாள் கழித்துத்தான் தலைகாட்டும். அரிப்போ பொரிப்பொரியாகத் தடிப்போ வந்தால் அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நம்மைப் போன்ற மாநிறத்துக்கும் கறுப்பு நிறத்துக்கும் இந்த ஒரு வாரம் இன்னும் முக்கியம். வெள்ளைத் தோலில் எரிச்சல் வந்தால் சிவந்து அடங்கிவிடும். நம் தோலில் சிவப்பு அடங்கிய இடத்தில் கறுப்புத் திட்டு உட்கார்ந்துகொள்ளும், மாதக்கணக்கில் போகாது. 'செம்பு பூசினால் கறுத்துவிடுமா, மெலனின் நொதிக்கும் செம்பு வேண்டுமாமே' என்று விவரம் தெரிந்த கல்லூரிப் பிள்ளைகள் கேட்கிறார்கள். டைரோசினேஸ் என்ற அந்த நொதிக்குச் செம்பு வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் கறுத்துப்போய் என்னிடம் வந்தவர்கள் எல்லோரிடமும் முதலில் எரிச்சல் இருந்தது. அதன் பிறகுதான் கறுப்பு.

மூன்றாம் படி: பூசும் முறை

முதல் இரண்டு வாரம், வாரத்துக்கு மூன்று இரவு போதும். மென்மையான ஃபேஸ்வாஷால் கழுவி, துண்டால் ஒற்றி எடுங்கள். மூன்று நாலு சொட்டு, முகம் முழுவதற்கும். தேய்க்க வேண்டாம், விரலால் ஒற்றினால் போதும். இரண்டு நிமிடம் விட்டு மாய்ஸ்சரைசர். அவ்வளவுதான். தோல் ஒத்துக்கொண்டால் அப்புறம் தினமும் இரவில் பூசலாம். தலையணை உறை வெள்ளையாக இருந்தால் லேசாக நீலம் பிடிக்கும், துவைத்தால் போய்விடும்.

காலையில் சன்ஸ்கிரீன். இது பேரத்துக்கு இல்லை. வெயில் பகலெல்லாம் கொலாஜனை வெட்டிக்கொண்டிருக்கும்போது ராத்திரி உட்கார்ந்து கட்டுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போல.

எதோடு சேர்க்கலாம், எதோடு கூடாது என்பதில்தான் குழப்பம் அதிகம். காரணம் புரிந்துவிட்டால் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. செம்பைப் பிடித்து வைத்திருப்பதில் ஹிஸ்டிடினுக்குப் பெரிய பங்கு. அமிலம் கூடினால் அந்தப் பிடி தளரும். செம்பு கழன்று விழும். அமிலத்தை அளக்கும் பி.எச். எண்ணில் (எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 5-லிருந்து 7 வரை பிடி உறுதியாக இருக்கும். சுத்தமான வைட்டமின் சி சீரம் பெரும்பாலும் 3.5-க்குக் கீழே இருக்கும். அதோடு போட்டால் இரண்டு நஷ்டம்: செம்பு கழலும், கழன்ற செம்பு வைட்டமின் சி-யை ஆக்சிஜனேற்றம் செய்து வீணாக்கும். ஆகவே வைட்டமின் சி காலையில், நீல சீரம் இரவில். கிளைகாலிக், லாக்டிக், சாலிசிலிக் அமிலங்கள் போடும் இரவில் இதைப் போட வேண்டாம். பென்சாயில் பெராக்சைடும் ஒரே வேளையில் வேண்டாம்.

ரெட்டினாய்டு வகையான ரெட்டினாலோடு வேதியியல் சண்டை ஒன்றும் இல்லை, ஆனால் இரண்டு புதுப் பொருளை ஒரே வாரத்தில் தொடங்கினால் எரிச்சல் யாரால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றிப் போடுங்கள். நியாசினமைடு, ஹயலூரானிக் அமிலம், செராமைடு எல்லாம் தாராளமாகச் சேரும்.

பிறகு காத்திருக்க வேண்டும். 12 வாரத்துக்கு முன் தீர்ப்புச் சொல்லாதீர்கள். முதல் நாள் ஒரே ஜன்னல், ஒரே நேரம், ஒரே தூரம் என்று ஒரு படம் எடுத்து வையுங்கள். கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகத்தில் மாற்றம் தெரியாது. மூன்று மாதம் கழித்து இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஒன்றும் தெரியவில்லை என்றால் விட்டுவிடுங்கள், காசு மிச்சம்.

பூசப் பூச முகம் தொய்ந்து மெலிந்துவிட்டது என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். என்னிடம் அப்படி வந்த இருவருமே 5 சதவீத சீரத்தைக் காலை மாலை போட்டு, மேலே அமிலமும் போட்டவர்கள். தோல் வறண்டால் இல்லாத சுருக்கமும் தெரியும். நிறுத்தி, வெறும் மாய்ஸ்சரைசரோடு ஒரு மாதம் விட்டதில் இருவருக்கும் சரியானது.

காயம், தழும்பு, ரோலர்

'ஆற்றும் குணம்' என்று விளம்பரத்தில் வருவதைப் படித்துவிட்டுத் திறந்த புண்ணில் இந்த சீரத்தைப் போடாதீர்கள். நீரிழிவுக் கால்புண்ணுக்கு ஜி.எச்.கே.-செம்பு ஜெல் போட்டு 1990-களில் அமெரிக்காவில் மருத்துவமனைச் சோதனை நடந்தது. புண் சீக்கிரம் மூடியதாக 1994-ல் எழுதினார்கள். அது புண்ணுக்கென்றே செய்த ஜெல், கூடவே புண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் சிகிச்சை. உங்கள் கையிலிருக்கும் பாட்டில் அழகு சாதனம். அதில் பதப்படுத்திகள் உண்டு, வாசனை இருக்கலாம், கிருமி நீக்கம் செய்யப்பட்டதும் அல்ல. சர்க்கரை நோயாளி காலில் புண் என்றால் எந்த சீரமும் வேண்டாம், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

சாதாரண சிராய்ப்புக்குக் கழுவி வாஸ்லின் தடவி மூடுவதே போதும். தையல் பிரித்து, தோல் முழுக்க மூடி, பொருக்கு உதிர்ந்த பிறகு வேண்டுமானால் தழும்பின் மேல் நீல சீரம் பூசலாம். தழும்பு தடித்து எழும்பும் உடல்வாகு இருந்தால் சிலிக்கான் ஜெல்தான் முதலில், இது அப்புறம்.

ஊசிமுனை ரோலர் உருட்டிவிட்டு அதன் மேல் சீரம் ஊற்றும் பழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. 'உள்ளே நன்றாக இறங்கும்' என்கிறார்கள். இறங்கும், அதுதான் பிரச்சினையே. 2014-ல் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் மூன்று பெண்களைப் பற்றி எழுதினார்கள். முகத்தில் நுண்ணூசி சிகிச்சை. அவர்களில் இருவருக்கு மேலே போட்டது வைட்டமின் சி சீரம். முகத்தில் கட்டி கட்டியாகக் கிரானுலோமா, அதாவது அந்நியப் பொருளைச் சுற்றி உடம்பு கட்டும் முடிச்சு. மேலே பூசச் செய்த பொருளில் இருக்கும் வாசனையும் பதப்படுத்தியும் தோலுக்குக் கீழே போனால் உடம்பு அதை அந்நியனாகப் பார்க்கும். ரோலர் போட்டால் குறைந்தது ஒருநாள் சீரம் வேண்டாம். கிளினிக்கில் செய்தால் என்ன போடுகிறார்கள் என்று பெட்டியை வாங்கிப் பாருங்கள். 'மேல்பூச்சுக்கு மட்டும்' என்று அச்சிட்ட ஆம்பூலை ஊசியில் ஏற்றினால் எழுந்து வந்துவிடுங்கள்; கூச்சப்பட வேண்டாம்.

ஊசி: ஏன் வேண்டாம் என்கிறேன்

ஜி.எச்.கே.-செம்பு ஊசி எதற்கும் அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதி தந்ததில்லை. மருந்துக்கடைகளில் கலந்து தரும் பொருட்களைப் பரிசீலித்தபோது, 2023-ல் இதன் ஊசி வடிவத்தைப் பாதுகாப்புக் கவலை உள்ளவற்றின் பட்டியலில் வைத்தது. உடல் இதற்கு எதிராக நோயெதிர்ப்பைக் கிளப்பலாம், மாசுகள் கலந்திருக்கலாம் என்பது காரணம். அன்று அந்தப் பட்டியலில் வைத்தது ஊசியைத்தான், பூச்சை அல்ல. இந்த வித்தியாசத்தை விற்பவர்கள் சொல்வதில்லை.

செம்பின் கணக்கையும் பாருங்கள். இந்தப் பொருளின் எடையில் சுமார் ஆறிலோ ஏழிலோ ஒரு பங்கு செம்பு. 50 மில்லிகிராம் குப்பியில் 7, 8 மில்லிகிராம் செம்பு இருக்கும். சாப்பாட்டிலிருந்து ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது அமெரிக்கக் கணக்கில் 0.9 மில்லிகிராம். சாப்பாட்டுச் செம்புக்குக் குடலில் ஒரு காவல், கல்லீரலில் ஒரு காவல். ஊசி முதல் காவலைத் தாண்டிக் குதித்துவிடுகிறது. வில்சன் நோய் உள்ளவர்களுக்கு உடம்பில் செம்பு தேங்கும். நோய் இருப்பதே தெரியாமல் பலர் இருப்பார்கள். குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் காரணம் தெரியாத கல்லீரல் நோய் இருந்திருந்தால் இந்தக் குப்பியைத் தொடவே வேண்டாம். கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களும் அப்படியே.

இதையே வேறு இரண்டு பெப்டைடுகளோடு கலந்து ஒரே குப்பியாகவும் விற்கிறார்கள். அந்தக் கலவையில் வரும் பிபிசி-157, டிபி-500 இரண்டுமே உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் உள்ளவை. மாநில அளவில் ஓடுகிற, கபடி ஆடுகிற பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஏன் இப்படி எரிகிறது

சித்தி பையனிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். "எவ்வளவு தண்ணி விட்டே?" "ஒரு எம்.எல்., அக்கா." 50 மில்லிகிராமுக்கு ஒரு மில்லிலிட்டர் என்றால் 5 சதவீதக் கரைசல். முகத்தில் போடும் 1 சதவீத சீரத்தைவிட ஐந்து மடங்கு கெட்டி, அதுவும் தோலுக்கு உள்ளே. எரியாமல் என்ன செய்யும்?

கெட்டித்தன்மை ஒரு காரணம். கரைசலின் பி.எச். உடம்போடு ஒத்துப்போகாதது இன்னொன்று. சங்கிலியில் ஒட்டாத வெறும் செம்பு கலந்திருந்தால் அதுவே திசுவை அரிக்கும். வயலில் பூஞ்சைக்கு அடிக்கும் போர்டோ கலவைக்கு, செம்பு உப்பான மயில்துத்தம் கரைத்தவர்களுக்கு, கையில் கீறல் இருக்கும்போது அது பட்டால் எப்படி இருக்கும் என்று தெரியும். கலக்கப் பயன்படுத்தும் தண்ணீரில் பதப்படுத்தியாக 0.9 சதவீதம் பென்சைல் ஆல்கஹால் இருக்கும், சிலருக்கு அதுவும் எரியும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிரோடு குத்துவது, ஸ்பிரிட் பஞ்சு காயும் முன் குத்துவது, கொழுப்புக்குப் போகாமல் மேல்தோலிலேயே மருந்து நிற்பது, படபடவென்று அழுத்துவது, நேற்றுப் போட்ட இடத்திலேயே இன்றும் போடுவது, இவை எல்லாம் சேரும்.

இவற்றில் பாதியைச் சரிசெய்யலாம். சரிசெய்ய முடியாதது, குப்பிக்குள் இருப்பது உண்மையில் என்ன என்பது. பாக்டீரியாவின் நச்சுத் துகள் மிச்சம் இருந்தால் எரிச்சலும் காய்ச்சலும் வரும். கொதிக்க வைத்தோ வடிகட்டியோ வீட்டில் அதை நீக்க முடியாது. சமையல் சோடா போட்டு அமிலத்தைக் குறைக்கலாம் என்று ஒருவர் என்னிடம் யோசனை கேட்டார். அந்த விபரீதத்தை மட்டும் செய்துவிடாதீர்கள்.

எரிந்தால் செய்ய வேண்டியது

முதல் அரை மணி நேரம் இடத்தைப் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள். உதடு, கண்ணிமை, நாக்கு வீங்குகிறதா, மூச்சு இழுக்கிறதா, உடம்பெல்லாம் தடிப்பு கிளம்புகிறதா, தலை சுற்றி மயக்கம் வருகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். மாத்திரை போட்டுக் காத்திருக்கிற நேரம் அது அல்ல.

அப்படி எதுவும் இல்லையென்றால், இடத்தைத் தேய்க்காதீர்கள், பிதுக்காதீர்கள். துணியில் சுற்றிய ஐஸை 10 நிமிடம் வைத்து எடுங்கள். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி. ஒரு பால்பாயிண்ட் பேனாவால் சிவப்பின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதுங்கள். வேடிக்கையாகத் தெரியலாம், ஆனால் மறுநாள் காலையில் 'பரவியிருக்கா, இல்லையா' என்று வீட்டில் விவாதம் நடக்காது. கோடே சொல்லிவிடும்.

அரிப்புத் தாங்கவில்லை என்றால் பெரியவர்கள் இரவில் செட்ரிசின் 10 மில்லிகிராம் ஒன்று போடலாம். தூக்கம் வரும், வண்டி ஓட்டக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கேட்காமல் போட வேண்டாம். 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பை இரண்டு மூன்று நாள் மெல்லிசாகப் பூசலாம். கடையில் 'எல்லாத்துக்கும் நல்லது' என்று தரும் ஸ்டீராய்டும் ஆன்ட்டிபயாட்டிக்கும் பூஞ்சை மருந்தும் கலந்த களிம்பு வேண்டாம்; கிருமி இருந்தால் அதை மறைத்து வைத்து வளர்க்கும். வீக்கம் என்றதும் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடுவது நம் வீட்டுப் பழக்கம். சுளுக்குக்குப் போடுங்கள், யார் வேண்டாம் என்றது? ஊசித் துளை விழுந்து ஏற்கெனவே எரிகிற தோலில் சுண்ணாம்பு பட்டால் வெந்துவிடும்.

வெறும் எரிச்சலாக இருந்தால் ஒன்றிரண்டு நாளில் அடங்கும். சிறு கடினம் ஒரு வாரம் இருக்கலாம். இரண்டு நாள் கழித்துக் கூடிக்கொண்டே போனால், கோட்டைத் தாண்டினால், சூடாகி விண்விண் என்று தெறித்தால், சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால், சிவப்புக் கோடு மேலே ஏறினால், அது கிருமித் தொற்று. அன்றைக்கே டாக்டர். ஒவ்வொரு ஊசிக்கும் வட்டம் பெரிதாகிக்கொண்டே வருகிறதா, பழைய இடமும் சேர்ந்து அரிக்கிறதா? உடம்பு அந்தப் பொருளை அடையாளம் கண்டுவிட்டது என்று அர்த்தம். அடுத்த ஊசி எப்படிப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. நிரந்தரமாக நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்றைப் பலர் தவறவிடுகிறார்கள். எல்லாம் ஆறிப்போய், மூன்று வாரமோ ஆறு வாரமோ கழித்து, அதே இடத்தில் வலி அதிகம் இல்லாத கட்டி எழும்பி, உடைந்து, ஆறாமல் கசிந்துகொண்டே இருக்கும். சுத்தமில்லாத ஊசியால் வரும், காசநோய்க் கிருமியின் தூரத்துச் சொந்தமான ஒருவகை மைக்கோபாக்டீரியா இப்படித்தான் வரும். சாதாரண ஆன்ட்டிபயாட்டிக்குக்கு அடங்காது. டாக்டரிடம் 'இந்த இடத்தில் இன்ன தேதியில் ஊசி போட்டேன்' என்று சொன்னால்தான் அவர் அந்தச் சோதனைக்கு அனுப்புவார். வெட்கப்பட்டு மறைத்தால் மாதக்கணக்கில் தப்பான மாத்திரை சாப்பிடுவீர்கள். குப்பியையும் எடுத்துப் போங்கள், காலியாக இருந்தாலும் பரவாயில்லை.

வேண்டாம் என்று சொல்லியும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், தெரியும். அவர்களுக்கு இவ்வளவுதான் சொல்வேன்: ஒரு ஊசி ஒரு முறை மட்டும், யாரோடும் பகிராதீர்கள். முகத்தில் குத்தாதீர்கள். ரப்பர் மூடியை ஒருமுறை துளைத்துக் கலக்கிய குப்பியை 28 நாளுக்கு மேல் வைக்காதீர்கள். கலங்கலாகவோ பச்சையாகவோ இருந்தால் முதல் நாளே கொட்டிவிடுங்கள். சிவந்த இடம் முழுக்க ஆறும்வரை அடுத்தது வேண்டாம்.

சித்தி பையன் அன்றோடு நிறுத்திவிட்டான். சிவப்பு மூன்றாம் நாள் அடங்கியது. இரண்டு வட்டங்கள் மட்டும் கறுப்பாகத் தங்கிவிட்டன. தை மாதம் பொங்கலுக்கு வந்தபோதும் சட்டையைத் தூக்கிக் காட்டினான், இருந்தன. மிச்ச ஊசிகளை என்ன செய்தாய் என்று கேட்டேன். குப்பைப் பையில் போட்டுவிட்டானாம். குப்பை அள்ளுகிறவர் கையில் குத்தும் என்று திட்டி, கெட்டியான பழைய டிடர்ஜென்ட் பாட்டில் ஒன்றைக் கொடுத்து, வீட்டில் இருந்ததையெல்லாம் அதில் போட்டு மூடி, டேப் சுற்றி எடுத்துவரச் சொன்னேன். எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியின் மருத்துவக் கழிவு வண்டியில் அது போனது.